சட்டைக்கு 1 ரூபாய் 20 காசு

2007ல் நான் ஒரு பொய் அறிக்கை எழுதினேன். அதில் ஒரு எண் கூடப் பொய் இல்லை. அதனால்தான் இத்தனை வருடம் அதைப் பொய் என்று எனக்கு நானே ஒப்புக்கொள்ளாமல் இருக்க முடிந்தது.

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் கோஸ்டிங் பார்க்கிறவன் நான். நூல் என்ன விலை, நிட்டிங் கூலி எவ்வளவு, சாயம் கிலோவுக்கு என்ன, காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், தூத்துக்குடி வரை லாரி வாடகை. இதையெல்லாம் கூட்டி, மேலே கொஞ்சம் லாபம் வைத்து, டாலருக்கு மாற்றி, பையருக்கு விலை சொல்ல வேண்டும். 2 சென்ட் கூடினால் ஆர்டர் வங்கதேசத்துக்குப் போய்விடும் என்று பயந்தே முடி நரைத்தவன். அந்தக் கோஸ்டிங் தாளில் தண்ணீருக்கு ஒரு வரி இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரியில் வந்தது, காசு கொடுத்து வாங்கினது. 2005க்குப் பிறகு காவிரித் தண்ணீரே குழாயில் வந்தது, அதற்கும் காசு. ஊர் நடுவே ஓடுகிற நொய்யலை விட்டுவிட்டு வேறு ஆற்றுத் தண்ணீரை ஏன் காசு கொடுத்து வாங்குகிறோம் என்று எங்களில் யாரும் கேட்கவில்லை. பதில் தெரியும், அதனால் கேட்கவில்லை. உள்ளே வருகிற தண்ணீருக்கு விலை உண்டு. சாயத்தண்ணியாக வெளியே போகிறதற்கு என் தாளில் வரி கிடையாது. அது சும்மா போயிற்று.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை புரியாது. பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் தானாகப் போய் ஒட்டாது, உப்பு போட வேண்டும். கருப்பு, நேவி போன்ற அடர் ஷேடுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 60, 80 கிராம் வரை போகும். சாயத்தில் பெரும்பகுதி துணியில் தங்கும். உப்பு ஒரு குண்டுமணி அளவு கூடத் தங்காது, போட்டதெல்லாம் கழுவலில் வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தைக் கீழே படிய வைத்துவிடலாம். கரைந்த உப்பை அப்படி எடுக்க முடியாது. 90களின் கடைசியில் கட்டிய பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தைத்தான் எடுத்தன. ஒரு லிட்டரில் கரைந்த உப்புகள் 2,100 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் விதி. எங்கள் தண்ணீர் அந்தக் கணக்குக்கு எட்டின தூரத்தில் கூட இல்லை. ஆனால் பார்க்கத் தெளிவாக இருக்கும். வெளிநாட்டுக்காரர் வந்தால் கண்ணாடிக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் காட்டியிருக்கிறேன்.

கீழே ஒரத்துப்பாளையத்தில் ஒரு அணை. பாசனத்துக்கென்று 1992ல் கட்டி முடித்தது. கட்டின சில வருடத்திலேயே அது சாயத்தண்ணித் தொட்டியாகிவிட்டது. அணையைத் திறந்துவிடச் சொல்லித்தான் எந்த ஊரிலும் விவசாயிகள் கேட்பார்கள். இங்கே திறக்காதீர்கள் என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது சமையல்கட்டில் ஒரு அம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "எங்க கெணத்துத் தண்ணியில பருப்பு வேகறதில்லைங்க. சாம்பாருக்கு லாரித் தண்ணிதானுங்க வாங்கியாந்தோம்." நான் எந்த ஊர், என்ன வேலை என்று அவர் கேட்டார். ஊரைச் சொன்னேன். வேலையை "ஆபீஸ்ல இருக்கறனுங்க" என்று முடித்துக்கொண்டேன்.

நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் சங்கம் தொடுத்த வழக்கில் 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலை முடிவதற்குள் ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே போகாத நிலைக்கு வர வேண்டும். அதுவரை வெளியே விடுகிற ஒவ்வொரு லிட்டருக்கும் அபராதம், 6 காசில் ஆரம்பித்து 8, 10 என்று ஏறும். அணையைச் சுத்தம் செய்கிற செலவும் சாயப்பட்டறைகள் தலையில். ஊரே கொதித்தது. எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இதனால எக்ஸ்போர்ட் எப்படிச் சாகுதுன்னு நாலு பக்கம் எழுது, மேல குடுக்கணும்" என்றார்.

முதலில் நேர்மையாகத்தான் கணக்குப் போட்டேன். எங்களுக்கு ஒரு கிலோ துணி சாயமேற்ற சுமார் 100 லிட்டர் தண்ணீர். சாதாரண டீ ஷர்ட்டுக்கு 200 கிராம் துணி, ஆக 20 லிட்டர். லிட்டருக்கு 6 காசு என்றால் சட்டைக்கு 1 ரூபாய் 20 காசு. அபராதம் உச்சத்துக்குப் போனாலும் 2 ரூபாய். முறையாக ரிவர்ஸ் ஆஸ்மாசிஸ், எவாப்பரேட்டர் எல்லாம் வைத்து முழுக்கச் சுத்திகரித்தால் கிலோவுக்கு 15 ரூபாய் ஆகும் என்று எங்களுக்கு விலைப்புள்ளி கொடுத்தவர் சொன்னார். அப்படிப் பார்த்தால் சட்டைக்கு 3 ரூபாய். நாங்கள் 3 டாலருக்கு அனுப்புகிற சட்டை அது. அன்றைய கணக்கில் 130 ரூபாய்க்கு மேல்.

3 ரூபாய் சின்னத் தொகை இல்லை, எங்கள் லாபத்தில் ஒரு நல்ல பங்கு. ஆனால் அதை வைத்துக்கொண்டு எக்ஸ்போர்ட் சாகிறது என்று எழுத முடியாது. முதலாளி கேட்டது சாவு.

அந்த வருடம் எங்களை உண்மையில் அடித்தது எது என்று எனக்குத் தெரியும். வருட ஆரம்பத்தில் 44 ரூபாய்க்கு இருந்த டாலர், வருடக் கடைசிக்குள் 40க்கும் கீழே இறங்கியது. 3 டாலர் சட்டையில் 14, 15 ரூபாய் அப்படியே காணாமல் போனது. அடுத்தது சுங்க வரி. ஐரோப்பாவுக்குள் நம் சட்டை போக 9.6 சதவீதம் வரி, ஏறத்தாழ 12 ரூபாய். மிகவும் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் வங்கதேசத்துச் சட்டைக்கு 2001லிருந்து வரியே இல்லை. இவற்றோடு தையல் கூலி வித்தியாசம். ஆற்றுக்கு 3 ரூபாய் என்பது இந்த வரிசையில் கடைசி ஆள்.

நான் என்ன செய்தேன் என்றால், எங்களுக்கும் வங்கதேசத்துக்கும் உள்ள மொத்த விலை வித்தியாசத்தை ஒரு கட்டத்தில் போட்டேன். பக்கத்துக் கட்டத்தில் சுத்திகரிப்புச் செலவைப் போட்டேன். மேலே, "சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகளால் ஏற்படும் போட்டித்திறன் இழப்பு" என்று தலைப்பு வைத்தேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை; படிக்கிறவர்களே சேர்த்துக்கொள்வார்கள். சுத்திகரிப்புச் செலவையும் விலையோடு ஒப்பிடாமல் லாபத்தோடு ஒப்பிட்டுச் சதவீதமாகப் போட்டேன், பயமுறுத்துகிற மாதிரி வந்தது. மாதிரிக்கு எடுத்தது கருப்புத் துணி, அதுவும் தண்ணீர் குடிக்கிற பழைய வின்ச் மிஷினில் ஓடியது. வெள்ளைக்கும் வெளிர் நிறத்துக்கும் ஆகிற குறைந்த செலவு தாளில் வரவே இல்லை. டாலரைக் கோர்ட்டுக்கு இழுக்க முடியாது, பிரஸ்ஸல்ஸ் சுங்கத்தை நான் ஒன்றும் செய்ய முடியாது. நொய்யல் விவசாயிதான் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தான். பழியை அவன் தலையில் இறக்கினேன்.

அந்த நாலு பக்கம் எங்கெங்கோ போனது. கூட்டங்களில் வேறு ஆட்கள் வாயிலிருந்து என் வாக்கியங்களைக் கேட்டிருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்த பெரிய தப்பு அறிக்கை இல்லை. அது காகிதம். எங்களுக்கு ஜாப் ஒர்க்கில் சாயமேற்றிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். இரண்டு மிஷின்களில் ஆரம்பித்து ஆறு வரை வந்தவர். தீர்ப்பு வந்த மாதமே என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். சட்டைப் பையில் ஒரு துண்டுச் சீட்டு, பென்சிலில் கணக்கு.

"தம்பி, கிலோவுக்கு அஞ்சு ரூவா சேத்துக் குடுங்க. பொது நிலையத்துல பங்கு கட்டறேன், மீதிய நான் பாத்துக்கறேன். கெட்ட பேரு வேண்டாமுங்க."

"அண்ணா, பையர் ஒரு சென்ட் ஏத்த மாட்டேங்கறான். நான் எங்க போறது?"

"அஞ்சு வேண்டாம், மூணு."

நான் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, இன்னொரு பட்டறையில் பழைய ரேட்டுக்கே செய்வதாகச் சொல்கிறார்கள் என்றேன். பொய் இல்லை, சொன்னார்கள். அந்தப் பழைய ரேட்டில் செய்கிறவன் தண்ணீரை என்ன செய்வான் என்று எனக்கும் தெரியும், எதிரே இருந்தவருக்கும் தெரியும். அவர் சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "சரிங்க தம்பி, பழைய ரேட்டே போடுங்க" என்றார். காபி வரச் சொன்னேன். குடித்துவிட்டுத்தான் போனார்.

கோர்ட்டில் நின்றது சாயப்பட்டறைக்காரர்கள். பேப்பரில் குற்றவாளியாக வந்ததும் அவர்கள்தான். லிட்டர் கணக்கில் அபராதம் அவர்களுக்கு. அவர்களுடைய ரேட்டை ஏற்றாமல் பிடித்து வைத்திருந்த எங்களைப் போன்ற ஏற்றுமதிக்காரர்கள் பெயர் எதிலும் வரவில்லை. எங்கள் கழுத்தைப் பிடித்த பையர் பெயர் எங்கேயும் வராது. சட்டைக்கு 3 ரூபாய் என்பது எனக்குச் சமாளிக்கிற தொகை. கிலோவுக்கு 15 ரூபாய் என்பது, கிலோவுக்கு அவ்வளவு லாபமே பார்க்காத அவருக்கு உயிர். என் அறிக்கையில் "தொழில் அழியும்" என்று எழுதினேன் அல்லவா, அது அவர் விஷயத்தில் உண்மை. உண்மையாக்கியதில் எனக்குப் பங்கு உண்டு என்பதைத்தான் அறிக்கையில் எழுதவில்லை.

இதற்கும் பத்து வருடம் முன்னால் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். உடம்பில் படும்போது புற்றுநோய் உண்டாக்கும் அமீன்களாகப் பிரியக்கூடிய சில அசோ சாயங்களை ஜெர்மனி 1994ல் தடை செய்தது. இந்தியாவும் 1997ல் அப்படிப்பட்ட சாயங்கள் பலவற்றைத் தடை செய்தது. அதற்காக நான் ஒரு பக்கம் கூட அறிக்கை எழுதியதில்லை. யாரும் கடையடைப்பு நடத்தவில்லை. சாய டப்பாவை மாற்றினோம், லேபில் டெஸ்ட் ரிப்போர்ட் வாங்கினோம், ஷிப்மென்ட்டோடு அனுப்பினோம். செலவு ஏறியது, முனகினோம், தாளில் ஒரு வரி சேர்த்தேன். அவ்வளவுதான்.

ஏன் அதற்கு முனகலோடு நின்றோம், இதற்கு மட்டும் ஊர் கூடிக் கொதித்தோம்? அது பையர் கேட்டது, இது கீழூர் விவசாயி கேட்டது. ஜெர்மன்காரர் துணியைச் சோதித்தார். துணியில் உப்பு இருக்காது. உப்பெல்லாம் கழுவி ஆற்றில் விட்ட பிறகு போகிற துணிதான் ஹாம்பர்க் போகிற துணி. பல ஏற்றுமதி ஊர்களில் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. பாலாற்றுத் தோல் பதனிடும் ஊர்களுக்கும் முதலில் வந்தது பென்டாகுளோரோஃபீனால் என்கிற பூஞ்சைக்கொல்லி தோலில் இருக்கக் கூடாது என்ற ஜெர்மனியின் நிபந்தனை. ஆற்றைப் பற்றிக் கேட்க வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, தீர்ப்பு 1996ல் வந்தது. உலக வர்த்தக விதிகளும் வெகுகாலம் பொருளைத்தான் பார்த்தன, அது உண்டான விதத்தைப் பார்க்கவில்லை. டால்பின்கள் சாகும் விதத்தில் பிடித்த சூரை மீனை அமெரிக்கா தடுத்தபோது, பிடித்த விதத்தைக் காரணம் காட்டித் தடுக்க முடியாது என்று 1991ல் காட் (GATT) என்கிற வர்த்தக ஒப்பந்தத்தின் நடுவர் குழு சொன்னது. எங்களுக்கு அது நல்ல வசதி. துணி சுத்தமாக இருந்தால் போதும்.

எங்கள் ஊர் வழக்கில் உச்ச நீதிமன்றமும் 2009 அக்டோபரில் அந்த 2006 தீர்ப்பை உறுதி செய்தது. அப்போதும் உப்புத் தண்ணீர் நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லிவிட்டது உயர் நீதிமன்றம். எழுநூறுக்கும் மேல். மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

என் மேஜையில் ஐரோப்பாவுக்குப் போக வேண்டிய கோடை ஆர்டர் இருந்தது. ஏர் ஷிப்மென்ட் என்றால் லாபம் போய் முதலும் போகும். அடுத்த வாரமே வெள்ளைத் துணியை லாரியில் ஏற்றி வெளியூர்களுக்கு அனுப்ப ஆரம்பித்தோம். லூதியானாவுக்கும் அகமதாபாத்துக்கும் அனுப்பியவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நாள் இல்லை. கிழக்கே சில மணி நேரத் தூரத்தில், இன்னொரு ஆற்றுப் பக்கம் ஒரு ஊரில் பட்டறை பிடித்தேன். பெயர் சொல்ல மாட்டேன். ஷேடு சரியாக வரவில்லை என்று நானே இரவோடு இரவாகக் காரில் போனேன். டர்க்காய்ஸ் நிறம், துணியில் முழுசாகப் பிடிக்காமல் கழுவக் கழுவ வந்துகொண்டே இருக்கிற சனியன். விடியற்காலையில் பட்டறைக்குப் பின்னால் ஒன்றுக்குப் போக ஒதுங்கினேன். வாய்க்காலில் அதே டர்க்காய்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. முந்தின நாள் லேப் டிப் என்கிற மாதிரித் துண்டைப் பார்த்து நான் கையெழுத்துப் போட்ட ஷேடு. உள்ளே வந்து லாட்டைப் பார்த்தேன், ஓகே சொன்னேன், புறப்பட்டேன். ஷிப்மென்ட் நாளுக்குப் போய்ச் சேர்ந்தது.

கெடுபிடி உள்ள நாட்டை விட்டு அது இல்லாத நாட்டுக்கு மாசு இடம்பெயரும் என்று பொருளாதாரப் புத்தகங்களில் எழுதுவார்கள். நாடு வரைக்கும் போக வேண்டியதில்லை, ஒரு டீசல் டேங்க் தூரம் போதும்.

அந்த வருடம் வேலை இல்லாமல் நிறையப் பேர் சொந்த ஊருக்குத் திரும்பினார்கள். அந்த ஜாப் ஒர்க்காரர் மிஷின்களை விற்றார், வாங்கினதில் கால் விலைக்கு. பிறகு மாநில அரசு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு வட்டியில்லாக் கடனாக 200 கோடி ரூபாய் கொடுத்தது. பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. இப்போது தண்ணீரில் பெரும்பகுதி திரும்பவும் மிஷினுக்கே வருகிறது, உப்புக் கரைசலையும் மறுபடி சாயத்துக்கு எடுக்கிறார்கள். எல்லாம் சுபம் என்று சொல்ல மாட்டேன். தண்ணீரை வற்றவைக்க எரிக்கிற விறகும் மின்சாரமும் கொஞ்சம் இல்லை. மிச்சமாகிற கலப்பு உப்பு யாருக்கும் வேண்டாத சரக்காக மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது.

திருப்பூர் சாகவில்லை. 2024-25ல் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். இதைக் காட்டி, கட்டுப்பாடுதான் எங்களை வளர்த்தது என்று இப்போது எழுதச் சொன்னால் அதையும் எழுதிக் கொடுப்பேன். அதுவும் 2007ல் செய்த அதே வேலைதான். 44 ரூபாயாக இருந்த டாலர் இப்போது 80க்கு மேல். 2024ல் வங்கதேசத்தில் நடந்த கலவரத்தால் சில ஆர்டர்களும் இந்தப் பக்கம் திரும்பின. இவற்றைக் கழிக்காமல் ஆற்றுக்கு நன்றி சொல்கிறதும் பித்தலாட்டமே.

எழுதச் சொன்னால் எழுதுவேன் என்றேன். எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன். முதலாளி மகன் இப்போது கம்பெனியைப் பார்க்கிறார். பையருக்குக் காட்ட ஸ்லைடு தயாரிப்பது என் பொறுப்பு. முதல் ஸ்லைடே "ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத ஊர்". அடுத்ததில் "எங்கள் தொலைநோக்கு" என்று இருக்கிறது. எந்தத் தொலைநோக்கு? கிணறு கெட்டுப்போன ஆயக்கட்டுக்காரர்கள் வருடக்கணக்கில் வழக்குச் செலவு பண்ணி எங்கள் தொண்டையைப் பிடித்துச் செய்யவைத்தது. அவர்களைப் பற்றி ஸ்லைடில் ஒரு வரி இல்லை. 28,000க்கும் மேற்பட்ட விவசாயிகளுக்கு இழப்பீடு என்று ஒரு ஆணையம் கணக்கிட்ட தொகை சுமார் 25 கோடி. தலைக்கு 9,000 ரூபாய் கூட வராது. அதையும் ஸ்லைடில் போடவில்லை.

போன சீசனில் ஐரோப்பாவிலிருந்து ஒரு இளம்பெண் வந்திருந்தார், நிலைத்தன்மைப் பிரிவாம். பொருள் எப்படி உண்டானது என்ற விவரமெல்லாம் இனி அவர்கள் நாட்டில் கேட்கப்போகிறார்களாம், அதற்காக எல்லாவற்றையும் எழுதி எடுத்தார். எப்போதிலிருந்து இந்த முயற்சியில் இருக்கிறீர்கள் என்று கேட்டார். "2006லிருந்து" என்றேன். மரியாதையோடு தலையசைத்துக் குறித்துக்கொண்டார். சொன்ன வருடம் சரிதான்.

மத்தியானம் சாப்பிட்ட பிறகு அவரோடு வந்த கொள்முதல்காரர் கோஸ்டிங் தாளைத் திறந்தார். இப்போது அதில் சுத்திகரிப்புக்கு ஒரு வரி இருக்கிறது. பேனா முனை நேராக அங்கேதான் போய் நின்றது. இதில் 4 சென்ட் குறைக்க முடியுமா, இல்லாவிட்டால் டாக்காவில் கேட்க வேண்டியிருக்கும் என்றார். காலையில் ஸ்லைடுக்குக் கைதட்டிய அதே கை. நான் முதலாளி மகன் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார்.

சாயங்காலம் சாயப்பட்டறைக்கு போன் போட்டேன். இப்போது நடத்துகிறவர் சின்ன வயசு.

"தம்பி, கிலோவுக்கு ரெண்டு ரூவா கொறைக்கணும்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பின்னால் மிஷின் ஓடுவது கேட்டது.

"சரிங்கண்ணா, பாத்துப் பண்ணிக்கறேன்" என்றார்.

எப்படிப் பண்ணுவார் என்று நான் கேட்கவில்லை. புது ரேட்டைத் தாளில் எழுதிக்கொண்டேன்.